வெள்ளவத்தையில் எந்த இன்டர்நெட் லைன் நல்லது? வோச்சரைக் கேளுங்கள்

போன கிழமை மச்சாள் யாழ்ப்பாணத்திலிருந்து கோல் எடுத்தாள். மகனின் படிப்புக்காகக் குடும்பத்தோடு கொழும்புக்கு வருகிறார்களாம், தெஹிவளையில் ஒரு ஃபிளாட் பார்த்து அட்வான்சும் கொடுத்தாயிற்றாம். கேஸ் எங்கே எடுப்பது, மீன் எங்கே வாங்குவது எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில், "அது சரி, வீட்டுக்கு எந்தக் கொம்பனியின்ர இன்டர்நெட் போடுறது? ஒரு பெயரைச் சொல்லுங்கோ, போதும்" என்றாள். ஒரு பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாற்பது நிமிடம் கதைத்தேன், பெயர் மட்டும் சொல்லவில்லை. அவளும் எவ்வளவு நேரம்தான் கேட்பாள், "நான் அண்ணாவிட்டையே கேக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த நாற்பது நிமிடத்தையும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்தமுறை யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம். நான் கம்ப்யூட்டர் படித்த ஆள் இல்லை, கணக்குப் படித்த ஆள். இதில் பாதி, லைன் வேலை செய்யாத இரவுகளில் கோபத்தோடு தேடிப் படித்தது. மீதி, வீட்டுக்கு வந்த டெக்னீஷியன்மாருக்குத் தேத்தண்ணி கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. 2024 ஜனவரியில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாறினோம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்று, நான்காம் மாடி. நான், இவர், அம்மா, பதினான்கு வயது மகன். நான் வீட்டிலிருந்தபடியே லண்டன் ஆட்களுக்குக் கணக்கு வேலை செய்கிறேன், கொழும்பில் இப்போது இந்த வேலை செய்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் எங்களுக்குக் கோடையில் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. ஆக இரவு பத்து வரை எனக்கு வேலை. அம்மாவுக்கு ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையோடு இரவு ஏழரைக்கு வீடியோ கோல், அது அங்கே காலை தேத்தண்ணி நேரம், அந்தக் கோல் இல்லாவிட்டால் அம்மா சாப்பிடமாட்டார். மகனுக்கு எட்டு மணிக்கு மேல் கூட்டாளிகளோடு கேம். இவருக்கு டிவியில் கிரிக்கெட், கிரிக்கெட் இல்லாத நாளில் பழைய கிரிக்கெட். நான்கு பேரின் தேவையும் இரவு ஏழுக்கும் பத்துக்கும் நடுவிலேயே வந்து விழுகிறது. முழு வெள்ளவத்தையும் வேலைவிட்டு வந்து போனைத் தூக்குவதும் அதே நேரத்தில்தான்.

இனிக் கொம்பனிகள். பெயர்கள் நிறையக் காதில் விழும், ஆனால் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் வருகிறது. எடிசலாட்டை 2018இல் ஹட்ச் எடுத்துக்கொண்டது. இங்கிருந்த எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. டெலிகொமும் மொபிடெலும் முன்பிருந்தே ஒரு குடும்பம், 2021இல் பெயரையும் ஒன்றாக்கி எஸ்எல்டி-மொபிடெல் ஆனார்கள். டொங்கிள், சிம் எல்லாவற்றையும் ஒருபக்கம் வைத்துவிட்டு, வீட்டுக்குள் கம்பி இழுத்து வந்து தருவது யார் என்று பார்த்தால் கொழும்பில் பேச்சு டெலிகொம், டயலொக் இரண்டிலேயே அநேகமாக முடிந்துவிடும். ரவுட்டருக்குள் சிம் போட்டுத் தரும் 4ஜி லைன் என்றால் இன்னும் ஓரிரண்டு பேர் சேர்வார்கள். 2025 ஜூலையில் செய்மதி வழியே இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்கும் வந்தது. அவ்வளவுதான் சந்தை. இதற்குள் எது நல்லது என்று ஆளுக்கு ஆள் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் ஆனந்தா - நாலந்தா மேட்ச் மாதிரி இருக்கும்.

சரி, எங்கள் வீட்டில் முதலில் போட்டது 4ஜி. வந்த புதிதில் யாரும் ஆற அமர யோசித்து ஃபைபர் (கண்ணாடி இழைக் கம்பியால் வரும் லைன்) எடுப்பதில்லை, கடைக்குப் போய் அடையாள அட்டையைக் கொடுத்தால் ரவுட்டரைப் பெட்டியோடு தந்துவிடுகிறார்கள், கொண்டுவந்து பிளக்கில் குத்தினால் சரி. எந்தக் கொம்பனி என்று சொல்லமாட்டேன். சொல்லியும் பயனில்லை, ஏனென்றால் அதே கொம்பனியின் அதே ரவுட்டர் மூன்றாம் மாடி மாமி வீட்டில் பறந்தது. எங்கள் வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்குப் பரிசோதித்தால் வேகம் நாற்பது எம்பிபிஎஸ், இரவு எட்டரைக்குப் பரிசோதித்தால் இரண்டு. சில நாட்களில் அந்த இரண்டும் இல்லை. அம்மா தங்கையின் முகம் உறைந்துபோன திரையைப் பார்த்து, "இவளுக்கு என்ன, வாயைத் திறந்தபடி நிக்கிறாள்" என்று பயந்துபோய்க் கூப்பிடுவார். நான் அந்த நேரத்தில் லண்டன் ஆட்களுக்குத் திரையைக் காட்டிக் கணக்கு விளக்கிக்கொண்டிருப்பேன், அவர்களுக்கு என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, டவர் என்பது ஒழுங்கை முனையில் இருக்கும் பொதுக்குழாய் மாதிரி. விடியற்காலையில் நீங்கள் மட்டும் வாளியோடு போனால் பீய்ச்சி அடிக்கும், எல்லோரும் வாளி வைத்தால் நூல் போல வடியும். வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் எத்தனை ஃபிளாட், ஒரு ஃபிளாட்டில் எத்தனை வீடு, ஒரு வீட்டில் எத்தனை போன் என்று கணக்குப் பாருங்கள். அந்த டவரில் நம் ரவுட்டர் மட்டுமல்ல, காலி வீதியில் பஸ்ஸுக்குள் நசிந்துகொண்டு நிற்கிறவரின் போனும் தொங்குகிறது. இரண்டாவது, கொங்கிறீட். எங்கள் வீட்டு யன்னல்கள் கடல்பக்கம். கடலுக்குள் யாரும் டவர் கட்டவில்லை. காலி வீதிப் பக்கமிருந்து வரும் சிக்னல் லிஃப்டையும் மாடிப்படியையும் நான்கு சுவரையும் துளைத்துக்கொண்டு வரவேண்டும், வரும்போது களைத்துவிடுகிறது. மாமியின் வீடு அதே கட்டடத்தில் மறுபக்கம், அவருடைய யன்னலிலிருந்து டவரைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னலின் பலத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும், கழித்தல் குறியோடு. கழித்தல் எண்பது என்றால் நல்ல சிக்னல், கழித்தல் நூறைத் தாண்டினால் ஆபத்து. எங்கள் சாலையில், அதாவது வீட்டு ஹோலில், கழித்தல் நூற்றெட்டு, குசினி யன்னலில் கழித்தல் தொண்ணூற்றாறு. அதனால் ஐந்து மாதம் எங்கள் ரவுட்டர் குசினியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்தது. கொம்பனியை மாற்றும் முன் இந்த எண்ணைப் பாருங்கள், ரவுட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள். கடையில் வாங்கும்போதும், "வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமா" என்று கேளுங்கள், சிலர் ஒத்துக்கொள்வார்கள், பலர் சிரிப்பார்கள்.

ஜிபி கணக்குத்தான் இந்த நாட்டுக்கே உரிய தலைவலி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது விளங்கவே விளங்காது, "வீட்டு வைஃபை எப்படி முடியும்" என்று கேட்பார்கள். முடியும் பிள்ளை. மாதத்துக்கு இத்தனை ஜிபி, அதிலும் பகலுக்கு ஒரு பங்கு, நள்ளிரவு பன்னிரண்டுக்கு மேல் விடியும்வரைக்கு இன்னொரு பங்கு. விளம்பரத்தில் இரண்டையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் போடுவார்கள், நாம் அதைப் பார்த்து வாங்கிவிட்டு இரவுப் பங்கில் முக்கால்வாசியைத் தொடாமலே மாதத்தை முடிப்போம். நெட்ஃபிளிக்ஸின் கணக்குப்படியே எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் மூன்று ஜிபி வரை போகும். நாற்பது ஜிபி பெக்கேஜ் என்றால் பதின்மூன்று மணி நேரம், அதாவது இவருடைய ஒரு டெஸ்ட் மேட்சின் இரண்டாம் நாள்வரை. நல்லூர்த் திருவிழாவை யூடியூபில் நேரடியாகப் பார்க்கும் இருபத்தைந்து நாளும் அம்மாவிடம் ஜிபி பற்றிக் கதைக்கவே முடியாது, கதைத்தால் முருகனுக்குக் கணக்குப் பார்க்கிறாய் என்பார். டிவியில் யூடியூபின் தரத்தைத் தானாகத் தேர்வு செய்ய விட்டால் அது எப்போதும் உச்சத்துக்குத்தான் போகும், கையால் 480க்கு இறக்கி வையுங்கள். முருகன் அதிலும் வடிவாகத்தான் தெரிவார்.

2021இல்தான் எல்லையில்லாப் பெக்கேஜ்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வழிவிட்டது. கொரோனாவுக்குப் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்து, பெரியவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்து, ஜிபி எல்லாம் மாத நடுவில் தீர்ந்துபோய், ஆட்கள் இணையத்திலேயே கூச்சல் போட்ட பிறகு வந்தது அது. ஆனால் "எல்லையில்லா" என்ற சொல்லுக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்தை வாசியுங்கள். நியாயமான பாவனைக் கொள்கை என்று ஒன்று இருக்கும், குறிப்பிட்ட அளவு தாண்டினால் வேகத்தை இறக்கிவிடுவார்கள். எந்த அளவில் இறக்குவார்கள், எவ்வளவுக்கு இறக்குவார்கள், இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் மாதிரி எல்லோரும் மாலையில் பாவிக்கிற வீட்டுக்கு இரவு ஜிபியால் ஒரு பயனும் இல்லை, அளவில்லாத, ஆனால் வேகம் குறைந்த பெக்கேஜ் போதும். பெரிய வீடியோக்களை இரவில் இறக்கி வைத்துப் பகலில் பார்க்கும் மாணவர்கள் இருக்கும் வீடு என்றால் கணக்கு அப்படியே தலைகீழ்.

வேகத்திலும் ஒரு சின்னப் பொறி. அவர்கள் சொல்வது பிட், நாம் இறக்குவது பைட், எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் பிரியுங்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் ஒரு செக்கனுக்குப் பன்னிரண்டரை எம்பிதான்.

பிறகு ஃபைபர். இந்தக் கதைக்குத்தான் வோச்சர், எங்கள் ஃபிளாட்டின் வாசல் காவல்காரர், வருகிறார்.

ஃபைபர் போடுவோம் என்று முடிவெடுத்து, இரண்டு கொம்பனிகளையும் கேட்டோம். இரண்டு பேரும் "உங்கள் பகுதியில் இருக்கிறது" என்றார்கள். பகுதியில் இருப்பது வேறு, கட்டடத்துக்குள் இருப்பது வேறு. நம்முடையது மாதிரிப் பழைய ஃபிளாட்டுகளில் கம்பி ஏறுவதற்கென்று இருக்கும் குழாய் ஏற்கெனவே கேபிள் டிவிக் கம்பியாலும் யாரோ விட்டுப்போன பழைய டெலிபோன் கம்பியாலும் அடைபட்டிருக்கும். வெளிச்சுவரில் இழுக்கலாம் என்றால் கட்டடத்தின் முகம் கெட்டுவிடும் என்று கமிட்டியில் ஒருத்தர் எதிர்ப்பார். துளை போட வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும், வீட்டுக்காரர் மெல்பேர்னில் இருப்பார். வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்து பழகிய எங்கள் ஆட்களுக்குக் கடிதமும் அத்தாட்சியும் அடையாள அட்டைப் பிரதியும் கொடுப்பது புதிதில்லை, அந்தக் கோப்பு எப்போதும் அலுமாரியில் தயாராக இருக்கும். இருந்தாலும் இரண்டரை மாதம் போனது.

அந்த இடைவெளியில் ஒருநாள் கீழே மரக்கறி வாங்கப் போனபோது வோச்சர் ஐயா, "எந்தக் கொம்பனி போடப்போறீங்க மேடம்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்தார். "அந்த வேன் கிழமைக்கு ரெண்டு தரம் வருது, மற்ற வேன் மாசத்துக்கு ஒருக்காதான் வருது" என்றார்.

இதைவிட நல்ல ஆய்வு அறிக்கையை நான் இன்றுவரை பார்க்கவில்லை. எந்தக் கொம்பனியின் வேன் பழுதுபார்க்க அடிக்கடி வருகிறது, எந்த மாடிக்குப் போகிறது, போன அன்றே திரும்பவும் வந்ததா என்பதெல்லாம் வாசலில் இருக்கும் அந்த மனிதருக்குத்தான் தெரியும். வருகிற ஒவ்வொரு வேனையும் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர் அவர். ஒரு எச்சரிக்கை மட்டும்: வேன் அடிக்கடி வருவது புதிய இணைப்புகள் போடுவதற்காகவும் இருக்கலாம், அதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்டேன், "ஏணியோட வாறாங்களா, பெட்டியோட வாறாங்களா" என்று. ஏணி என்றார். மாதம் ஒருமுறை வரும் கொம்பனியையே போட்டோம். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் என் சிநேகிதி வீட்டில் அதே கொம்பனியோடு தினமும் சண்டை, அங்கே மற்றவர்தான் நல்லவராம். கம்பி எந்தக் கம்பத்தால் வருகிறது, பெட்டிக்குள் தண்ணீர் போகிறதா, கடற்காற்றில் கொழுவி துருப்பிடித்ததா என்பதில்தான் காரியம் இருக்கிறது, பெட்டியின் மேலே ஒட்டியிருக்கும் பெயரில் இல்லை.

ஃபைபர் போட வந்த தம்பி சிங்களப் பிள்ளை, என் அரைகுறைச் சிங்களமும் அவனுடைய கால்வாசித் தமிழுமாகக் கதைத்தோம். மல்லி மல்லி (சிங்களத்தில் தம்பி) என்று அம்மா அவனைச் சுற்றிச் சுற்றி வந்து வடை கொடுத்தார். கண்ணாடி இழை தலைமயிரைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதை ஒரு சின்ன மெஷினுக்குள் வைத்து இரண்டு முனையையும் உருக்கி ஒட்டினான், திரையில் இரண்டு கோடும் வந்து சேர்வதைக் காட்டினான், மகன் வாய் பிளந்து பார்த்தான். கம்பி சாலையின் மூலையில் வந்து முடிந்தது, அது சரியாகச் சாமித்தட்டுக்குக் கீழே. இப்போது ரவுட்டருக்கும் தினமும் சாம்பிராணிப் புகை கிடைக்கிறது.

முதல் வாரம் மகனின் அறையில் மட்டும் லைன் இழுபட்டது. கொம்பனிக்குக் கோல் எடுக்கத் தொடங்கினேன். எந்தக் கொம்பனிக்கு எடுத்தாலும் சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று என்கிற அந்தக் குரல்தான். கொள்கைக்காக எப்போதும் இரண்டைத்தான் அழுத்துவேன், எவ்வளவு நேரம் பாட்டுக் கேட்டாலும் சரி. இந்த முறை பாட்டு முடிவதற்குள் பிழை எங்களுடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். போனில் வைஃபை பெயர்களைப் பார்த்தால் அந்த அறையில் மட்டும் இருபத்தேழு வீடுகளின் பெயர் தெரிகிறது. எல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்கிற வைஃபை அலைவரிசையில், அதில் ஒன்றோடொன்று முட்டாத சனல் மூன்றே மூன்றுதான், 1, 6, 11. இருபத்தேழு பேர் மூன்று வாங்கில் இருந்தால் எப்படி இருக்கும்? 5 ஜிகாஹெர்ட்சுக்கு மாறினால் நெரிசல் இல்லை, ஆனால் அது சுவரைத் தாண்டாது. கடைசியில் யுனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் பதினைந்து மீற்றர் லேன் கேபிள் வாங்கிக் கதவு நிலையோரமாக ஓட்டி அவனுடைய மேசைவரை கொண்டுபோனோம். கம்பனியைத் திட்டுகிற பாதிப் பேரின் பிரச்சினை வீட்டுச் சுவருக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ரவுட்டருக்கு நேரே கேபிள் குத்திப் பரிசோதித்துவிட்டுப் பிறகு திட்டுங்கள், அப்போதுதான் திட்டுவதிலும் ஒரு நியாயம் இருக்கும்.

பரிசோதிப்பதிலும் ஒன்று. ஸ்பீட் டெஸ்ட் பொத்தானை அப்படியே அழுத்தினால் அது பக்கத்திலிருக்கும் சேர்வரைத்தான் எடுக்கும், பல நேரம் அந்தக் கொம்பனியுடையதையே. வீட்டிலிருந்து அவர்களின் வாசல்வரை ஓடிப் பார்த்துவிட்டு ஓட்டம் நல்லது என்கிற மாதிரி. யூடியூப் மாதிரியானவை அடிக்கடி பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதியைக் கொம்பனிகளின் உள்ளேயே வைத்திருக்கின்றன, அதனால் யூடியூப் துள்ளும், என் லண்டன் வேலை மட்டும் நொண்டும். வேலைக்குப் போடுகிறவர்கள் சேர்வர் பட்டியலில் லண்டனையோ சிங்கப்பூரையோ தேர்ந்தெடுத்து, இரவு எட்டரைக்குப் பரிசோதியுங்கள். அப்லோடையும் பாருங்கள், வீடியோ கோலில் நம் முகம் போவது அதில்தான்.

மகன் பிங் பிங் (கேம் சேர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம்) என்று கத்துவதற்கும் ஒரு எல்லை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகும். சிங்கப்பூர் இங்கிருந்து ஏறக்குறைய 2700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லிசெக்கன், அதற்குக் கீழே எந்தக் கொம்பனியாலும் இறக்க முடியாது, ரவுட்டரைச் சாமித்தட்டின் மேலேயே வைத்தாலும். லண்டனுக்கு நேர்கோட்டிலேயே 87, கேபிள் நேராகவா போகிறது, செங்கடல் வழியாகச் சுற்றிப் போகிறது. 2025 செப்டெம்பரில் ஜித்தாவுக்குப் பக்கத்தில் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது அதில் கொழும்புக்கு வரும் சீ-மீ-வீ 4உம் ஒன்று. அந்த நாட்களில் நான் வைத்திருந்த லைனையும் மாமி வைத்திருந்த லைனையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், இரண்டிலும் லண்டன் இழுபட்டது. நம் ஊருக்கு வரும் கேபிள்கள் கல்கிசையிலும் கொழும்பிலும் மாத்தறையிலும்தான் கரையேறுகின்றன. கல்கிசைக் கடற்கரையில் கடலை தின்றுகொண்டிருக்கும்போது உலகமே காலுக்குக் கீழே ஓடுகிறது என்று மகனுக்குச் சொன்னேன், "அப்ப ஏன் அம்மா லாக் ஆகுது" என்றான்.

கரண்ட் விஷயத்தை மறக்கக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது கொட்டாஞ்சேனையில் எங்களிடம் 4ஜிதான். கரண்ட் போய் முதல் கொஞ்ச நேரம் சிக்னல் நன்றாக இருக்கும், பிறகு டவரின் பட்டரி இறங்கிவிடும், ஜெனரேட்டருக்கு ஊற்ற நாட்டில் டீசல் இல்லை. பழைய செப்புக்கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், கரண்ட் போனாலும் அது மணியடிக்கும், அந்தக் காலத்து ஆட்களுக்கு அந்த ஒரு நிம்மதி இருந்தது. ஃபைபரில் கண்ணாடி வழியே மின்சாரம் வராது. ஆனால் எக்ஸ்சேஞ்சுக்கும் நம் வீட்டுக்கும் நடுவிலுள்ள பிரிபெட்டிகளுக்குக் கரண்ட் தேவையில்லை, அந்தப் பக்கம் அவர்களுடைய ஜெனரேட்டர் ஓடி, இந்தப் பக்கம் நம் பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் கிடைத்தால் போதும். புறக்கோட்டையில் ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்டும் அம்பியரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு போய் நாடு முழுக்க இருண்ட அன்று எங்கள் யூபிஎஸ் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்தது. அந்த மூன்று மணி நேரமும் மாடியில் உள்ள பிள்ளைகள் எல்லாம் எங்கள் சாலையில்தான். குரங்கு என்று செய்தி வந்ததும் அம்மா, "முந்தியும் ஒருத்தன் வந்து வாலால எரிச்சிட்டுத்தானே போனவன்" என்று சொல்லிவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டார்.

ஃபைபரும் சாமி இல்லை. போன வருடம் வீடு மாறுகிற ஒருவரின் லொறி, மேலே அலுமாரி நீட்டிக்கொண்டிருக்க ஒழுங்கைக்குள் வந்து கம்பிகளை எல்லாம் வழித்துக்கொண்டு போனது. மூன்று நாள் லைன் இல்லை. அந்த மூன்று நாளும் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டு வேலை செய்தேன், அந்தப் போனின் சிம் வேண்டுமென்றே வேறு கொம்பனியுடையது. வீட்டிலிருந்து உழைக்கிறவர்கள் இப்படி ஒன்றை வைத்திருங்கள். வீட்டு லைனும் போனும் ஒரே இடத்திலிருந்து வந்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும்.

ஸ்டார்லிங்க் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தோட்டப் பக்கம், காட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். கொழும்பு ஃபிளாட்டில் எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை. தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும், மொட்டை மாடி கமிட்டியுடையது. வந்தபோதே கருவி ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல், மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு நல்ல ஃபைபரும் நல்ல யூபிஎஸ்ஸும் வாங்கி மிச்சத்துக்குக் கொத்துரொட்டியும் சாப்பிடலாம்.

பில்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்குப் படித்ததற்கு அர்த்தமில்லை. விளம்பரத்தில் உள்ள விலைக்குப் பக்கத்தில் "வரிகள் தவிர" என்று எறும்பளவில் எழுதியிருக்கும். 2022 செப்டெம்பரில் கட்டணங்களை நூற்றுக்கு 20 கூட்ட அனுமதி கிடைத்தது. அதே வருடத்தில் வற் வரி நூற்றுக்கு 8இலிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. ஆகவே ஒப்பிடும்போது கையில் கட்டும் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். இணைப்புக் கட்டணம், ரவுட்டர் யாருடையது, எத்தனை மாதத்துக்கு முன் நிறுத்தினால் தண்டம், வீடு மாறினால் லைனைக் கூடக் கொண்டுபோக எவ்வளவு, இவையும் அதில் சேர்த்தி. வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

இதையெல்லாம்தான் மச்சாளிடம் சொன்னேன். அவள் அண்ணாவைக் கேட்டாளாம், அண்ணா ஒரு பெயரைச் சொன்னாராம், அத்தானின் அலுவலகத்தில் மற்றப் பெயரைச் சொன்னார்களாம். நேற்று வட்ஸ்அப்பில் குரல்செய்தி வந்தது. தெஹிவளை வீட்டைக் கூட்டிக் கழுவப் போனவள், போன கையோடு கீழே இருந்த வோச்சரிடம் எந்த வேன் அடிக்கடி வருகிறது என்று கேட்டிருக்கிறாள். அவர், "எந்த வேன் வந்தாலும் பரவாயில்லை, நீங்க எதைப் போட்டாலும் பாஸ்வேர்டை எனக்கும் ஒருக்கா சொல்லுங்க, ராத்திரி டியூட்டி" என்றாராம்.